மூன்று டிஸ்க் மாறியும் மாறாத ஓர் எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த குறிப்புகளில் ஒன்று, சர்வரின் லாக்கில் (நடந்ததையெல்லாம் அது எழுதிவைக்கும் பதிவேட்டில்) டிஸ்க் எரர் தெரிந்தால் தாமதிக்காமல் பேக்கப் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றிவிடச் சொல்கிறது. முதல் பாதியைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை. இரண்டாம் பாதியோடுதான் வழக்கு. அதே அறிவுரையைக் கேட்டு, ஒரு குறையும் இல்லாத மூன்று டிஸ்க்குகளைக் கழற்றி அலமாரியில் அடுக்கியவள் நான்.

ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கத்தான் சேர்ந்தேன். "உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று சர்வரையும் என் தலையில் கட்டி 14 வருடம் ஆகிறது. பொறியியல் படித்தவள் இல்லை. படித்திருந்தால் லாக்கை முதல் நாளே வாசித்திருப்பேனோ என்னவோ.

எங்கள் சர்வரில் நான்கு டிஸ்க்குகள், ஒவ்வொன்றும் 4 டெராபைட். ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். நான்கையும் சேர்த்து ரெய்டு 5 ஆகக் கட்டியிருக்கிறது. அதாவது நான்கில் எது ஒன்று செத்தாலும் மற்ற மூன்றிலிருந்து கணக்குப் போட்டு இழந்ததை மீட்டுவிடலாம். இரண்டாவது ஒன்றும் அதே சமயம் போனால் எல்லாம் போச்சு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் சர்வரிலிருந்து மெயில் வந்திருந்தது. இரவு 2 மணி பேக்கப் ஓடும்போது ஒரு டிஸ்க் ரெய்டை விட்டு வெளியே தள்ளப்பட்டிருக்கிறது.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருந்து ஒரு பையன் வந்தான். திரையைப் பார்த்தான், "மேடம், டிஸ்க் போயிடுச்சு, மாத்திடலாம்" என்றான். மாற்றினான். 11 மணி நேரம் ஓடி ரெய்டு பழைய நிலைக்கு வந்தது. 19 நாள் கழித்து அதே மெயில், அதே இடம். மறுபடி மாற்றினான். ஒரு மாதம் ஆவதற்குள் மூன்றாவது முறை. இந்தத் தடவை அவனுக்கே கூச்சமாகிவிட்டது. "இந்த லாட்டே சரியில்லை மேடம்" என்றான். நானும் நம்பி, விற்றவர்களுக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

நான்காவது டிஸ்க்கைப் போட்டுவிட்டு ரெய்டு கட்டி முடிக்கக் காத்திருந்த நேரத்தில்தான், வேறு வேலை ஓடாமல், மூன்று சம்பவங்களின் லாக்கையும் அச்செடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒவ்வொரு முறையும் டிஸ்க்கின் வரிசை எண் வேறு. இரண்டு முறை தயாரித்த நிறுவனமே வேறு. ஆனால் எரர் வரியின் தொடக்கத்தில் மூன்று தாளிலும் ஒரே சொல்: ஏடிஏ3. அது டிஸ்க்கின் பெயர் இல்லை, மதர்போர்டில் கேபிள் செருகியிருக்கும் வாசலின் எண். மூன்று பேர் அடுத்தடுத்து ஒரே வீட்டுக்குக் குடிவந்து, மூன்று பேருக்கும் ஒரே காய்ச்சல் என்றால் யாரைச் சோதிக்க வேண்டும்?

அடுத்த சொல்லைப் பாருங்கள். டிஸ்க் எரர் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் லினக்ஸ் இரண்டு வகையைத் தெளிவாகவே பிரித்து எழுதுகிறது. யுஎன்சி என்று வந்தால் டிஸ்க் தன் தகட்டிலிருந்தே எழுத்தைப் படிக்க முடியவில்லை, திருத்தவும் முடியவில்லை என்று பொருள். ஐசிஆர்சி என்று வந்தால் கதை வேறு. தகட்டிலிருந்து ஒழுங்காகப் படித்தாயிற்று, ஆனால் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் எங்கோ தகவல் சிதைந்துவிட்டது. அனுப்புகிறவர் ஒவ்வொரு கட்டோடும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறார். வாங்குகிறவர் அதையே தானும் கணக்கிட்டுப் பார்க்கிறார். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஐசிஆர்சி. என் மூன்று தாளிலும் இருந்தது இரண்டாவது வகை. யுஎன்சி என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

அதற்குக் கீழே, ஹார்ட் ரீசெட்டிங் லிங்க் என்ற வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. இணைப்பை முறித்து மறுபடி கைகுலுக்கிப் பார்க்கிறது லினக்ஸ். சில முறை தோற்றதும், நொடிக்கு 6 ஜிகாபிட் வேகத்தை 3 ஆகக் குறைத்திருக்கிறது. பிறகு 1.5. இரைச்சலான போனில் நாம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவதைப்போல. பாவம், அது தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் கைவிட்டிருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

டிஸ்க்கும் தன் பங்குக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. ஸ்மார்ட் என்பார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசக் கருவியால் அதைப் படிக்கலாம். நீளமான பட்டியல், பார்த்தாலே தலை சுற்றும். எனக்குத் தினமும் தேவைப்படுவது நான்கே வரிகள். 5 என்ற வரி, கெட்டுப்போன இடத்துக்குப் பதிலாக எத்தனை மாற்று இடங்கள் ஒதுக்கப்பட்டன என்று சொல்லும். 197, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் இடங்கள். 198, டிஸ்க் தானாகச் சோதித்தபோதும் படிக்க முடியாதவை. இந்த மூன்றும் தகட்டின் நோய். 199 மட்டும் வழியின் நோய், நான் மேலே சொன்ன சரிபார்ப்பு எண் தவறிய தடவைகள். எங்கள் புத்தம்புது நான்காவது டிஸ்க்கில் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199 என்ற வரியில் 41. உறையைப் பிரித்து முழுதாக ஒரு நாள் ஆகாத டிஸ்க்!

ரெய்டு கட்டி முடிந்தது. பேக்கப் எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளை வேறு கணினியில் திறந்தும் பார்த்தேன். எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று பார்க்காதவரை அது வெறும் நம்பிக்கைதான். பிறகு சர்வரை முறையாக அணைத்து மூடியைத் திறந்தேன்.

மூன்றாவது வாசலின், அதாவது அந்தப் புது டிஸ்க்கின், கேபிளைப் பார்த்ததுமே பாதி விளங்கிவிட்டது. சர்வரை நிறுவியவர் அழகுக்காக நான்கு டேட்டா கேபிளையும் கரண்ட் ஒயர்களோடு சேர்த்து பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார். மற்ற மூன்றும் தளர்வாக இருந்தன. இதற்கு மட்டும் நீளம் போதாமல், கம்பியாக இழுத்து நின்றது. டிஸ்க்கில் நுழையும் இடத்தில் செங்குத்தாக மடிந்து, மடிப்பில் உறை வெளுத்துப்போயிருந்தது. மூடியின் உட்பக்கம் சரியாக அந்த மடிப்பின் மேல் உட்கார்ந்து தேய்த்த கறையும் இருந்தது. கனெக்டரில் பூட்டிக்கொள்ளும் சின்ன உலோக நாக்கு இல்லை, உடைந்திருந்தது. சுண்டுவிரலால் தொட்டேன், ஆடியது.

இந்த டேட்டா கேபிளைச் சாட்டா கேபிள் என்பார்கள். பார்க்க ரிப்பன் துண்டு மாதிரி இருப்பதால் யாரும் மதிப்பதில்லை. உள்ளே ஏழு தொடர்புமுனைகள், அனுப்ப ஒரு ஜோடிக் கம்பி, வாங்க ஒரு ஜோடி, மிச்சம் மூன்றும் தரை இணைப்பு. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறையில் அந்த ஒரு ஜோடி வழியே நொடிக்கு 600 கோடி பிட் ஓடுகிறது. ஜோடியின் இரண்டு கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி சீராக இருந்தால்தான் அந்த வேகம் தாங்கும். கூர்மையாக மடக்கினால் இடைவெளி கெடுகிறது. கேபிள் 1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. உள்ளே போடும் கேபிளின் கனெக்டரைச் சுமார் 50 முறை கழற்றி மாட்டும் கணக்கில்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சோதனைக்காகத் தினம் கழற்றி மாட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த 19 நாள் கணக்கு புரிந்தது. டிஸ்க்கை மாற்ற வேண்டுமானால் கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகத்தானே வேண்டும்? அழுத்திச் செருகியதால் சில நாள் பிடிப்பு கிடைத்தது. பேர் வாங்கியது புது டிஸ்க். அப்புறம் விசிறியின் அதிர்வில் கனெக்டர் மெல்ல நழுவி, பேக்கப் ஓடி விசிறிகள் சீறும் ஓர் இரவில் மறுபடி கெட்டது (விசிறிக் கதை என் ஊகம்தான், அளந்து பார்க்கவில்லை). டிஸ்க்கை மாற்றினோம், சரியாயிற்று, ஆகவே டிஸ்க்தான் குற்றவாளி. எத்தனை அலுவலகங்களில் இந்தத் தீர்ப்பு எழுதப்படுகிறதோ!

கேபிள்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டாலும் ஆசை விடவில்லை. முதல் வாசலில் இருந்த டிஸ்க்கின் கேபிளையும் மூன்றாவது வாசலில் இருந்த புது டிஸ்க்கின் கேபிளையும் இடம் மாற்றினேன். டிஸ்க்குகளையோ வாசல்களையோ தொடவில்லை. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். நான்கு டிஸ்க்கின் 199 எண்ணையும் பென்சிலால் ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டினேன். பேக்கப்பை ஓடவிட்டேன். அரை மணி நேரத்தில் எரர் வந்தது, ஏடிஏ1 என்ற பெயரில். மூன்றாவது வாசலின் புது டிஸ்க் 41இலேயே நின்றது. பிறந்ததிலிருந்து பூஜ்யமாக இருந்த முதல் வாசல் டிஸ்க் 7 ஆகியிருந்தது. நோய் கேபிளோடு நடந்து போய்விட்டது. டிஸ்க்கோடு போயிருந்தால் டிஸ்க் குற்றவாளி. அதே வாசலில் தங்கியிருந்தால் மதர்போர்டு.

இப்படி நான் செய்ததை யாரும் அப்படியே செய்ய வேண்டாம். சந்தேகப்பட்ட கேபிளை நல்ல டிஸ்க்கில் மாட்டுவது கையில் சோதித்த பேக்கப் இருந்தால் மட்டுமே செய்யும் வேலை. புதுக் கேபிளைப் போட்டுவிட்டு 199 எண் நின்றுவிட்டதா என்று ஒரு வாரம் பார்ப்பதே போதும். அந்த எண் ஒருநாளும் பூஜ்யத்துக்குத் திரும்பாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் சரி. கேபிளை மாற்றிய பிறகும் 41 தெரிகிறதே என்று ஒருவர் என்னிடம் பதறியிருக்கிறார். எண் எவ்வளவு என்பதை விட, ஏறுகிறதா என்பதே கேள்வி.

பழைய கேபிளை அன்றைக்கே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். வெட்டாமல் மேசை இழுப்பறையில் போட்டால் அடுத்த வருடம் யாராவது எடுத்து வேறு கணினியில் மாட்டுவார்கள். அது மட்டும் நிச்சயம்.

"கேபிள்தானே, இதற்கு இவ்வளவா? டிஸ்க்கை மாற்றினால் என்ன குறைந்துவிடும்?" என்று ஒருவர் கேட்டார். குறைவது நிறைய. ஒவ்வொரு தடவை டிஸ்க்கை மாற்றும்போதும் மற்ற மூன்று டிஸ்க்கையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துத்தான் ரெய்டு நான்காவதைக் கட்டுகிறது. எங்கள் கணக்கில் 12 டெராபைட். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், படிக்க முடியாத பிழை 100 லட்சம் கோடி பிட்டுக்கு ஒன்றுக்கு மேல் வராது என்று போட்டிருப்பார்கள். அதை டெராபைட்டில் போட்டால் ஏறக்குறைய 12.5. அது உச்சவரம்புதான், நடைமுறையில் நல்ல டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் ஒரு காரணமும் இல்லாமல் மூன்று முறை அந்த விளிம்பில் நடந்திருக்கிறோம், ஒவ்வொரு முறையும் 11 மணி நேரம், காப்பு எதுவும் இல்லாமல். நடுவில் இன்னொரு டிஸ்க் நிஜமாகவே இருமியிருந்தால் அவ்வளவுதான்.

எல்லாம் கேபிள்தான் என்று சொல்ல வரவில்லை. எதிர்ப்பக்கமாகவும் நான் விழுந்திருக்கிறேன். அதற்கும் சில வருடம் முன்பு, வேறொரு கணினியில், 197 என்ற வரியில் 8 என்று வந்தது. டிஸ்க் புதிது, அதனால் கேபிளாகத்தான் இருக்கும் என்று கேபிளை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அடுத்த வாரம் 16. அப்புறம் 64. எட்டு எட்டாக ஏன் ஏறுகிறது என்றுகூட யோசிக்கவில்லை. இப்போதைய டிஸ்க்குகளில் தகட்டின் ஒரு துண்டு 4,096 பைட், வெளியே கணக்குச் சொல்வது 512 பைட் துண்டுகளாக. ஒரு துண்டு கெட்டால் எட்டு என்று காட்டும். அதாவது டிஸ்க் தகட்டில் ஓட்டை விழுவதைத் துண்டு துண்டாக எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தது, நான் கேபிளோடு விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது அடங்கியது. பேக்கப் மூன்று நாள் பழையது. மூன்று நாள் வவுச்சரையும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறுபடி அடித்தேன்.

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் கூகுளின் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்திருக்கிறார்கள். சோதனை ஓட்டத்தில் முதல் பிழை தெரிந்த டிஸ்க், தெரியாததைவிட அடுத்த 60 நாளில் சாவதற்கு 39 மடங்கு வாய்ப்பு. ஆகவே 197, 198 அசைந்தால் கேபிளைத் தடவிக்கொண்டிருக்க நேரமில்லை. அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது. செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல், எந்த ஸ்மார்ட் வரியிலும் ஒரு அறிகுறியும் காட்டாமலே செத்திருக்கின்றன. பட்டியலின் தலையில் "தேறியது" என்று ஒரு வரி வருமே, அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் பழக்கத்தை அன்றே விட்டேன்.

கரண்ட் கேபிளையும் யாரும் சந்தேகிப்பதில்லை. தோழி ஒருத்தியின் சர்வரில் டிஸ்க் திடீரென்று காணாமல் போகும், மறுபடி வரும். அவளிடம் 12 என்ற வரியைப் படிக்கச் சொன்னேன். அது டிஸ்க்குக்கு மின்சாரம் எத்தனை தடவை வந்து போனது என்ற எண். சர்வரை அவள் ஐந்து மாதமாக அணைக்கவே இல்லை. டிஸ்க்கின் கணக்குப்படி அந்த வாரத்தில் மட்டும் 30 தடவைக்கு மேல் அணைந்து எரிந்திருந்தது. 192, அதாவது மின்சாரம் திடீரென நின்று டிஸ்க் தன் படிக்கும் தலையை அவசரமாக ஒதுக்கிக்கொண்ட தடவைகள், அதுவும் கூடவே ஏறியிருந்தது. ஒரே கரண்ட் முனையை மூன்றாகப் பிரிக்கும் மலிவான அடாப்டர் ஒன்று போட்டிருந்தார்கள். பெரிய டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் கம்பியில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் இழுத்தால் அந்த முனை தாங்குமா?

நான்கு டிஸ்க்கிலும் ஒரே நாளில் எரர் என்றால் நான்கும் ஒரே நாளில் சாகவில்லை, நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. டிஸ்க்குகளைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் கார்டு, பவர் சப்ளை, நான்காகப் பிரியும் ஒற்றைக் கேபிள், இவற்றில் தேடலாம். அதில் எனக்கு அனுபவம் குறைவு, நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் குறிப்பில் சேர்க்க வேண்டிய ஒரு எச்சரிக்கை உண்டு. கேபிள் சந்தேகம் தீரும்வரை கோப்பமைப்பை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைத்திருக்கும் ஒழுங்கை) சரிசெய்யும் எந்தக் கட்டளையையும் ஓட்டக் கூடாது. இணைப்பு விட்டு விட்டு வரும் நிலையில் "சரிசெய்" என்றால், அது படிக்க முடியாததையெல்லாம் கெட்டதென்று நினைத்துத் திருத்த ஆரம்பித்துவிடும். தகடே கெட்டிருந்தாலும் முதலில் டிடிரெஸ்க்யூ மாதிரி கருவியால் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, வைத்தியத்தை நகலில் பார்ப்பதுதான் முறை. அது கெட்ட இடத்தைத் தாண்டிப்போய் நல்லதை முதலில் அள்ளிக்கொண்டு, விட்ட இடத்துக்குப் பிறகு திரும்பி வரும்.

அப்புறம், கழற்றும்முன் வரிசை எண். லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் சர்வரை அணைத்து எரித்தால் இடம் மாறக்கூடியவை. அந்தப் பெயரை நம்பி நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் ரெய்டு 5இல் அதோடு கதை முடிந்தது. டிஸ்க்கின் லேபிளில் அச்சிட்ட எண்ணையும் திரையில் தெரியும் எண்ணையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டுத்தான் நான் திருகைத் தொடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அந்தப் பராமரிப்புப் பையனைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. வெட்டிய கேபிளைக் காட்டியபோது அவன் முகம் விழுந்துவிட்டது. "எங்களுக்கு டிஸ்க் மாத்தத்தான் மேடம் சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றான். "தம்பி, எனக்கு அதுகூட யாரும் சொல்லித்தரல" என்றேன். இப்போது அவன் பையில் எப்போதும் பூட்டு நாக்கு உள்ள புதுக் கேபிள் இரண்டு இருக்கிறது. போன மாதம் வேறோர் இடத்திலிருந்து போன் செய்து 197ஆ 199ஆ என்று கேட்டான்.

கழற்றிய மூன்று டிஸ்க்கையும் வாடிக்கையாளர் கணக்குகள் இருப்பதால் வெளியே அனுப்ப எங்கள் விதி இடம் தரவில்லை. அதனால்தான் அவை அலமாரியில் தங்கின. கேபிள் சமாச்சாரம் தெரிந்த பிறகு ஒவ்வொன்றாக வேறு கணினியில் மாட்டி ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 8 மணி நேரம். மூன்றிலும் 5, 197, 198 பூஜ்யம். அவற்றில் ஒன்று இரண்டாவது பேக்கப் டிஸ்க்காக இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாட்டிய அன்று அதன் 199 என்ற வரியில் 742 இருந்தது. இந்தக் கடிதத்தை எழுத உட்காரும்முன் பார்த்தேன். 742.

இப்படிக்கு,
சர்வரையும் பார்த்துக்கொள்ளும் கணக்கர், உங்கள் நெடுநாள் வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)